பச்சைக்கண்ணன் பேசக்கூடாது

அந்த வீட்டில் பழைய ரவுட்டருக்குக் கிடைத்த கவனிப்பு வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி அதன் பக்கமே திரும்பியிருக்கும். அப்பா வியர்த்து வழிந்தாலும் பரவாயில்லை, ரவுட்டருக்குச் சூடு ஏறக்கூடாது. ஏறினால் அது முறுக்கிக்கொண்டு நெட்டை நிறுத்திவிடும். அப்புறம் அதன் தலையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதன் இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்று எப்போதோ மடங்கி, முயல் காது போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் நாலு வருஷம் ஓடும்," என்பார் அப்பா. அவர் பஸ் ஓட்டுநர். பழைய வண்டிகள் என்றாலே அவருக்குத் தனிப் பாசம்.

அம்மா விடவில்லை. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எனக்கு வீடியோ கால் இருக்கு. நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாராவது பக்கத்துல நின்னு அதைத் தட்டிக்கிட்டே இருப்பீங்களா?"

"நான் தட்டுறேன்க்கா," என்று மாமா முன்வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார். தனக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது என்பது அவருடைய கருத்து. அது அவருடைய கருத்து மட்டும்தான்.

அம்மா இருவரையும் முறைத்தார். அந்த முறைப்புக்குப் பலன் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே அப்பா புது ரவுட்டரோடு வீடு வந்து சேர்ந்தார்.

அந்த வீடியோ கால் சாதாரணமானது அல்ல. அம்மா படம் வரைகிறவர். இதுவரை பிஸ்கட் டப்பாக்களுக்கும் சோப்பு உறைகளுக்கும்தான் வரைந்திருக்கிறார். ஒரு முழுப் புத்தகத்துக்கு வரைய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இப்போது சிறுவர் புத்தகம் போடும் ஒரு பதிப்பாசிரியர், அம்மா வரைந்த படங்களைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஞாயிறு நாலு மணிக்குப் பார்ப்பார். அன்று இரவே வெளியூர் கிளம்பிவிடுவார். பிடித்தால் புத்தகம் அம்மாவுக்கு, இல்லாவிட்டால் வேறு ஓவியருக்கு.

கதை, கட்டிலுக்கு அடியில் குடியிருக்கும் ஒரு நல்ல பூதத்தைப் பற்றியது. மற்ற படங்கள் எல்லாம் ஜோராக வந்துவிட்டன. பூதம் மட்டும்தான் வருவேனா என்றது.

முதலில் வரைந்த பூதம் அச்சு அசலாக மாமாவைப் போலவே இருந்தது. "என்னக்கா இது, என் மீசையை எடுத்து அதுக்கு வெச்சிருக்கே!" என்று மாமா கோபித்துக்கொண்டார். அம்மா மீசையை அழித்தார். அழித்ததும் அது இன்னும் அதிகமாக மாமாவைப் போல ஆகிவிட்டது.

கடைசியாக வரைந்தது வேறு மாதிரி வந்தது. பற்கள் எல்லாம் வாய்க்கு வெளியே. கண்கள் இரண்டும் பிதுங்கிக்கொண்டு. அம்மா அதைக் குழந்தைகள் அறைச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் என்பதால் அவருடைய மேசையும் அந்த அறையில்தான் இருந்தது.

வீட்டின் கடைக்குட்டியும் அந்தப் படத்தைப் பார்த்தான். அவனுக்கு ஐந்து வயது. செய்யாத சேட்டை கிடையாது என்பதால் எல்லாரும் அவனை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதும் வாய் ஓயாத வாலு, அன்று மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை.

அவனுடைய அக்காவுக்குப் பத்து வயது. ஆள் சின்னது, காரம் அதிகம் என்று மாமா அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா புது ரவுட்டரை ஹாலில் மாட்டினார். பளபளவென்று கறுப்பாக, விறைப்பாக நான்கு ஆன்டெனாக்களோடு அது நின்றது. அப்பா பெருமையோடு கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பேரும் பழசுதான், பாஸ்வேர்டும் பழசுதான். யாரும் எதையும் திருப்பி அடிக்க வேண்டாம். எல்லா போனும் தானா புடிச்சுக்கும். எப்படி நம்ம ஐடியா?"

எல்லாரும் கைதட்டினார்கள். வைஃபைக்கு அப்பா வைத்திருந்த பெயர் 'பஸ் ஸ்டாண்டு'. போன தடவை பாஸ்வேர்டு மாற்றியபோது, அதை மனப்பாடம் செய்வதற்குள் மாமாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பழைய ரவுட்டர் தன் கரண்ட் வயரோடு ஓர் அட்டைப்பெட்டிக்குள் போனது. பழைய பேப்பர்களோடு அதுவும் பழைய சாமான் கடைக்குப் போக வேண்டியது.

"பச்சைக்கண்ணனைத் தூக்கிப் போடப் போறீங்களா?" என்று கேட்டான் வாலு. அதன் நெற்றியில் எப்போதும் ஒரு பச்சை விளக்கு எரியும். அதனால் அவன் வைத்த பெயர் அது.

"அவன் ரிட்டயர் ஆயிட்டான்டா," என்றார் அப்பா.

அன்று இரவு நெட் பறந்தது. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்மா லேப்டாப்பைத் திறந்தார். மேலே இஸ்திரி போட்ட புதுச் சட்டை. கீழே வீட்டில் போடும் தொளதொளக் கால்சட்டை. வீடியோவில் இடுப்புக்குக் கீழே தெரியாது அல்லவா?

திரையில் வைஃபைக் கோடுகள் நான்கும் முழுசாக நின்றன. 'பஸ் ஸ்டாண்டு' என்றும் காட்டியது. ஆனால் எதைத் தட்டினாலும் ஒரே பதில்தான். இணையம் இல்லை.

"என்னங்க!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அப்பாவும் மாமாவும் ஓடி வந்தார்கள்.

"கவலைப்படாதே, எங்கிட்ட விடு," என்று மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "எந்த மெஷினா இருந்தாலும் ஒரே வைத்தியம்தான். அணைச்சுப் போடணும்."

அணைத்துப் போட்டார். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அணைத்து வைத்துப் போட்டார். அப்போதும் வரவில்லை. ஆன்டெனாக்களைத் திருப்பிப் பார்த்தார், எதற்கும் மேலே இருக்கட்டும் என்று ரவுட்டரை ஹாலிலேயே இருந்த ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றினார். பிறகு அதன் முதுகில் இருந்த ஒரு சின்ன ஓட்டையைக் குத்துவதற்குக் குண்டூசி தேடினார்.

"மாப்ள, அதை மட்டும் தொடாதே!" என்று அப்பா அலறினார். "அப்புறம் மொத்த வண்டியையும் முதல்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணணும்."

"அப்போ நெட் கம்பெனிக்குப் போன் போடுறேன், அத்தான்."

சொல்வது சுலபம். அந்த வீட்டுக்குள் செல்போன் டவர் எட்டியே பார்க்காது. முன்னும் பின்னும் உயரமான கட்டடங்கள். மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால், பேசுகிற அளவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். மாமா ஏறினார். மிளகு மாடிப்படியில் நின்றாள். அப்பா கீழே ரவுட்டர் முன்னால் நின்றார்.

"பச்சை லைட்டு எரியுதான்னு கேக்குறாங்க!" என்று தொட்டியிலிருந்து மாமா கத்தினார்.

"அப்பா, பச்சை லைட்டு எரியுதா?" என்று மிளகு கீழே பார்த்துக் கத்தினாள்.

"எரியுது!"

"எரியுதாம் மாமா!"

"சிவப்பு எரியுதான்னு கேக்குறாங்க!"

"சிவப்பே இல்லையாம் மாமா!"

"அணைச்சுப் போடச் சொல்றாங்க! நான்தான் அப்பவே சொன்னேன்ல!" மாமாவின் குரலில் வெற்றி முழக்கம். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் மாமா தொட்டியிலிருந்து தொங்கிய முகத்தோடு இறங்கி வந்தார். "அவங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்காம். நம்ம வீட்டுக்குள்ள நெட் வந்துக்கிட்டுதான் இருக்காம். நாளைக்குக் காலைல ஆளை அனுப்புறாங்களாம்."

"நாளைக்கு வந்து என்ன பண்ணப் போறாங்க?" அம்மாவின் குரல் உடைந்தது. "எனக்கு இன்னிக்கு நாலு மணிக்கு வேணும்."

அந்தக் குரல் மிளகுக்குத் தாங்கவில்லை. அம்மா எதற்கும் கலங்குகிறவர் இல்லை. சோப்புக் கம்பெனிக்காரர்கள், ரோஜாவைக் கொஞ்சம் பெரிதாக, இன்னும் கொஞ்சம் பெரிதாக என்று ஒன்பது தடவை திருப்பி அனுப்பியபோதுகூடச் சிரித்துக்கொண்டேதான் வரைந்தார்.

அப்போது ஹாலிலிருந்து அப்பா கூவினார். "வருது, வருது! என் போன்ல வருது!"

எல்லாரும் அப்படியே நின்றார்கள். அப்பா போனைத் தூக்கிப் பிடித்தபடி குழந்தைகள் அறைக்குள் ஓடி வந்தார். "இங்க பாருங்க, ஒரு யானைக்குட்டி குளிக்குது."

"அணைச்சுப் போட்டு இங்கேயும் வருதான்னு காட்டுங்க அத்தான்," என்றார் மாமா.

அப்பா போனில் வைஃபையை அணைத்துப் போட்டார். யானைக்குட்டி பாதிக் குளியலில் அப்படியே நின்றுவிட்டது.

"வந்துச்சே, ஹால்ல வந்துச்சே!"

"உங்களுக்கு எப்பவும் வரும்," என்றார் அம்மா. அதற்குக் காரணம் உண்டு. பழைய ரவுட்டர் செத்துக் கிடந்த நாட்களிலும் அப்பா, 'வருது வருது, இதோ வந்துருச்சு' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். ஹாலில் போய் உட்கார்ந்து பேசலாம் என்றாலும் வழியில்லை. எதிரே வெல்டிங் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்கு இரட்டிப்பு உற்சாகம். இரும்பை அடிக்கிற அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. தனியாக ஹாலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். மாமா ரவுட்டரை ஃபிரிட்ஜ் தலையிலிருந்து இறக்கி ஹால் அலமாரி மேல் ஏற்றினார்.

மிளகு மாடிப்படியில் போய் உட்கார்ந்து யோசித்தாள்.

கம்பெனிக்காரர்கள் நெட் வருகிறது என்கிறார்கள். அப்பா ஹாலில் வந்தது என்கிறார். லேப்டாப் வரவில்லை என்கிறது. இவர்களில் யாரோ ஒருவர் தப்பு என்றுதான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். மூன்று பேருமே உண்மையைச் சொன்னால்?

அவள் எழுந்து குழந்தைகள் அறைக்குப் போனாள். மேசை மேல் இருந்த அம்மாவின் போனை எடுத்தாள். வைஃபைக் கோடுகள் முழுசாக இருந்தன. போனைப் பார்த்துக்கொண்டே ஹாலை நோக்கி மெதுவாக நடந்தாள். புது ரவுட்டர் ஹாலில்தானே இருக்கிறது? பக்கத்தில் போகப் போகக் கோடுகள் அப்படியே இருக்க வேண்டும்.

குறைந்தன.

மிளகு நின்றாள். இன்னும் ஓர் அடி வைத்தாள். இன்னொரு கோடும் போனது. திரும்பி அறைப் பக்கம் நடந்தாள். கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"இது என்ன கூத்து?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு அதிகமாகிறது என்றால் என்ன அர்த்தம்? பக்கத்தில் வேறோர் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம்.

பொருளை ஒளித்து வைத்துத் தேடும் விளையாட்டு மிளகுக்கு அத்துப்படி. போனை முன்னால் நீட்டியபடி அறைக்குள் ஒவ்வோர் இடமாக நகர்ந்தாள். ஜன்னல் பக்கம் போனால் குறைந்தது, துணி அலமாரிப் பக்கமும் குறைந்தது. தம்பியின் கட்டிலருகே வந்ததும் கோடுகள் நிறைந்து அசையாமல் நின்றன.

கட்டிலின் மேல் வாலு உட்கார்ந்திருந்தான். யோசித்துப் பார்த்தால், காலையிலிருந்தே அவன் அங்கேதான் இருந்தான். சாப்பாட்டைக்கூடக் கட்டிலுக்கே கொண்டுவரச் சொன்னான். காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போர்வை ஒரு பக்கமாகத் தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நகரு," என்றாள் மிளகு.

"மாட்டேன்."

"கட்டிலுக்கு அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றான் வாலு. பிறகு, "அதைத் தொடாதே!" என்றான்.

மிளகு குனிந்து போர்வையைத் தூக்கினாள். இருட்டுக்குள் ஒரு பச்சைக் கண் அவளையே பார்த்தது. பக்கத்தில் இரண்டு கொம்புகள். ஒன்று நேராக, இன்னொன்று மடங்கித் தொங்கியபடி.

பச்சைக்கண்ணன்!

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழைய ரவுட்டருக்கும் 'பஸ் ஸ்டாண்டு' என்றுதான் பெயர். புதியதற்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. இந்த அறையில் இருக்கும் லேப்டாப்பும் போனும், பக்கத்தில் இருக்கிறானே என்று பச்சைக்கண்ணனிடம் போய் ஒட்டிக்கொள்கின்றன. அவனிடம் கொடுப்பதற்கோ ஒன்றுமில்லை, நெட் வரும் வயர் ஹாலில் புது ரவுட்டரில் அல்லவா இருக்கிறது? ஹாலில் அப்பாவுக்குக் கிடைத்தது புது ரவுட்டரின் நெட். பாவம், அப்பா.

"இவன் எப்படிடா இங்க வந்தான்?"

"நேத்து நீங்க எல்லாரும் டிவி பார்த்தீங்கள்ல, அப்ப எடுத்துட்டு வந்தேன். வயரையும் நானே மாட்டினேன்." அதைச் சொல்லும்போது வாலுவுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"எதுக்கு?"

வாலு சுவரில் ஒட்டியிருந்த பூதத்தை நோக்கி விரலை நீட்டினான். உடனே விரலை உள்ளே இழுத்துக்கொண்டான். பிறகு ரகசியக் குரலில் சொன்னான். "அது கட்டிலுக்கு அடியிலதான இருக்கும்? அம்மா கதையில அப்படித்தான் வருது. ராத்திரி லைட்டு வேற எரியல. பச்சைக்கண்ணன் தூங்கவே மாட்டான். அவன் முழிச்சிருந்தா அது கிட்ட வராது."

அறையின் ராத்திரி விளக்கு ஃப்யூஸ் ஆகி ரொம்ப நாள் ஆகிறது. அப்பா நாளைக்கு மாற்றுகிறேன், நாளைக்கு மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இத்தனை நாளும் தம்பி இருட்டில் பயந்துகொண்டா படுத்திருந்தான்? பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு தனக்குத் தெரியவில்லையே என்று மிளகுக்கு வருத்தமாக இருந்தது.

வயரைப் பிடுங்கினால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். வாலு ஊரே கேட்கிற மாதிரி அழுவான், அது ஒரு பக்கம். அழாமல் அடக்கிக்கொண்டு இன்று ராத்திரியும் பயந்தபடி படுத்திருந்தால்? அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

மிளகு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. வைஃபை என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"வாலு, காவல்காரன் எப்படி இருக்கணும்?"

"முழிச்சிருக்கணும்."

"பேசிக்கிட்டே இருந்தா?"

வாலு யோசித்தான். "பேசினா திருடன் வர்றது கேக்காதே."

"இவன் பேசிக்கிட்டே இருக்கான்டா. அம்மா லேப்டாப்பைக் கூப்பிட்டு, 'எங்கிட்ட வா, எங்கிட்ட வா'ன்னு ஒரே பேச்சு. அதுவும் இவனை நம்பி வந்துருது. அதனால அம்மாவுக்கு நெட் வரல. அம்மா அழற மாதிரி இருக்காங்க."

வாலுவின் கண்கள் பெரிதாயின. "அம்மா அழறாங்களா? அப்போ அவனைப் பேசாம இருக்கச் சொல்லு!"

"கண்ணு மட்டும் முழிச்சிருந்தாப் போதுமா?"

"போதும். காவல்காரங்க பேசக்கூடாது."

மிளகு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஒரு விளக்கு அணைந்தது. நல்லவேளை, நெற்றியில் இருந்த பச்சைக் கண் அப்படியே எரிந்தது.

"வாயை மூடிட்டான்," என்றாள். வாலு தலைகீழாகத் தொங்கி எட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான்.

"அம்மாகிட்ட சொல்லிடுவியா அக்கா?"

"நீயா சொல்ற வரைக்கும் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே ப்ளக்குல கை வைக்கக்கூடாது. ஷாக் அடிச்சா பச்சைக்கண்ணனாலயும் காப்பாத்த முடியாது."

மேசை மேல் இருந்த லேப்டாப் ஒரு சின்ன ஒலி எழுப்பியது. அடுத்து இன்னொன்று. காலையிலிருந்து வராமல் இருந்த செய்திகள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தன.

"அம்மா! வந்துருச்சு! ஓடி வாங்க!"

அம்மா ஓடி வந்தார். பின்னாலேயே அப்பாவும் மாமாவும் வந்தார்கள்.

"பார்த்தியா! அலமாரி மேல ஏத்தி ஆன்டெனாவைத் திருப்பினேன்ல, அதான்," என்று மாமா மீசையை நீவிவிட்டுக்கொண்டார். மிளகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சந்தோஷமாக இருக்கட்டுமே, மாமாதானே!

சரியாக அப்போது திரையில் பதிப்பாசிரியர் தோன்றினார். வட்டக் கண்ணாடி போட்டவர். அம்மா ஒவ்வொரு படமாகக் காட்டினார். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். "அருமையா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. எங்கே, நம்ம பூதம் எங்கே?"

அம்மா தயங்கித் தயங்கிச் சுவரில் இருந்த படத்தை எடுத்துக் காட்டினார்.

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இவர் நல்ல பூதமா? பல் டாக்டரைப் பார்த்துட்டு, அவரையே கடிச்சுட்டு வந்தவர் மாதிரி இருக்காரே!"

அம்மா படத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கதவோரம் நின்ற அப்பா கையைப் பிசைந்தார்.

"அந்தப் பூதம் கெட்டது," என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பச்சைக்கண்ணன்தான் நல்லவன். அவன் பயமே காட்ட மாட்டான்."

"யாரு அது பச்சைக்கண்ணன்?" என்று கேட்டார் பதிப்பாசிரியர்.

வாலு அக்காவைப் பார்த்தான். அவள் 'சொல்லு' என்று கண்ணைக் காட்டினாள். அவன் கட்டிலிலிருந்து குதித்து இறங்கிப் போர்வையைத் தூக்கினான்.

அம்மா குனிந்து பார்த்தார். இருட்டுக்குள் ஒற்றைப் பச்சைக் கண். நேராக ஒரு கொம்பு, தொங்கலாக ஒரு கொம்பு. ரொம்பக் களைத்துப்போனாலும் வேலையை விடாமல் முழித்திருக்கும் ஒரு முகம்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். பென்சிலை எடுத்தார். கேமராவுக்கு முன்னாலேயே வரைய ஆரம்பித்தார். குண்டு உடம்பு, நெற்றியில் ஒரு கண், மடங்கிய கொம்பு, நாலு பேர் திட்டியும் கோபமே வராத வாய். கடகடவென்று வரைந்து முடித்து, தாளைத் தூக்கிக் காட்டினார்.

திரையில் பதிப்பாசிரியர் அசையவே இல்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"போச்சு!" என்று கிசுகிசுத்தார் அப்பா. "நின்னுபோச்சு. நெட் போயிருச்சு."

"எங்கிட்ட விடுங்க அத்தான்! ஒரே நிமிஷம், அணைச்சுப் போட்டா..." என்று மாமா ஹாலை நோக்கிப் பாய்ந்தார்.

மிளகு அதைவிட வேகமாகப் பாய்ந்தாள். மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மாமா, தொடாதீங்க! நெட் இருக்கு! அவங்க பின்னாடி விசிறி சுத்துது பாருங்க! அவங்க படத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க!"

"ஆமாம், பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றது திரை. பதிப்பாசிரியர் சிரித்தார். "எத்தனை நாளா இவரைத் தேடிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? இவர்தான் நம்ம பூதம். புத்தகம் உங்களுக்குத்தான். சீக்கிரம் இவர் வர்ற பக்கங்களையும் போட்டு அனுப்புங்க."

அதற்கப்புறம் அந்த அறையில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து குதித்ததில் தொளதொளக் கால்சட்டையும் வீடியோவில் தெரிந்துவிட்டது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கால் முடிந்ததும் மிளகு நடந்ததை எல்லாருக்கும் விளக்கிச் சொன்னாள். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றார்.

"நான் சொன்னேன்ல, ஹால்ல வருதுன்னு!"

"சொன்னீங்க," என்றார் அம்மா. "இனிமே நீங்க 'வருது'ன்னு சொன்னா உடனே நம்பிடுறோம்."

"ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்ச ஐடியா யாரோடது?" என்று மாமா கேட்டார். அப்பாவுக்கு அப்போது பார்த்து இருமல் வந்துவிட்டது. அப்பா இருமியபடியே போய் ராத்திரி விளக்குக்குப் புது பல்பு வாங்கி வந்தார். மாமா நாளைக்கு ஆள் வர வேண்டாம் என்று சொல்வதற்காக மறுபடியும் தண்ணீர்த் தொட்டியில் ஏறினார். எதிர் மாடிக்காரர் அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தவர் போலக் கையசைத்தார்.

வாலு புது பல்பை நன்றாகப் பார்த்துவிட்டு, "இதுவும் எரியட்டும். ஆனா பச்சைக்கண்ணனும் இருக்கணும்," என்றான். பச்சைக்கண்ணனின் ரிட்டயர்மென்ட் அப்படியே ரத்தானது.

சில மாதங்கள் கழித்து, புத்தகங்கள் ஒரு கட்டாக வீட்டுக்கு வந்தன. அட்டையில் ஒற்றைப் பச்சைக் கண்ணோடும் தொங்கிய கொம்போடும் பூதம் சிரித்தது. ஆளுக்கு ஒன்று என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வாலு மட்டும் இரண்டு எடுத்தான்.

"உனக்கு எதுக்குடா ரெண்டு?" என்று கேட்டாள் மிளகு.

"ஒண்ணுதான் எனக்கு," என்றான் வாலு. இன்னொரு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, அதைக் கட்டிலுக்கு அடியில் பச்சைக் கண்ணுக்கு நேராகச் சாய்த்து வைத்தான். "அவன் படம் வந்திருக்கு. அவன் பார்க்க வேண்டாமா?"